ரோட்டோர புளியமரமும் ஒரு நாலடி ப்ளைவுட்டும்

மூணு மாசமா எங்க வீட்டு திண்ணையில நான் ஒரு மரத்த வரையுற ப்ளைவுட் பலகை சாத்தி வச்சிருக்கு, நாலடி உயரம் மூணடி அகலம், போறவங்க வர்றவங்க எல்லாம் ஒரு நிமிஷம் நின்னு இது என்னன்னு கேட்டுட்டுத்தான் போறாங்க. பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் வெத்தலை மென்னுகிட்டே வந்து பாத்துட்டு, "என்னம்மா, எங்கயோ பழைய சுவத்த பேத்துட்டு வந்து வச்சிருக்கியா"ன்னு கேட்டாங்க. எனக்கு அன்னிக்கு பூரா மனசு நெறைஞ்சு போச்சு. சுவர்னு தோணுச்சுன்னா அதுல ஒரு கனம் வந்துருச்சுன்னு அர்த்தம், இதுக்கு முன்னாடி நான் வரைஞ்ச எந்த மரத்துலயும் அந்தக் கனம் வரவே இல்ல.

மரம் எங்க ஊர் ரோட்டோர புளியமரம். எங்க ஊர் கிருஷ்ணகிரி பக்கம், இந்தப் பக்கம் புளி இல்லாம பேச்சே கிடையாது, மாசி பங்குனி வந்தா ஊருக்கு பாதி பொம்பளைங்க கையில புளிதான், ஓடு தட்டுறது, நார் உருவுறது, கொட்டை எடுக்கிறது. ரோட்டோர மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டு வருஷா வருஷம் ஏலம் விடுவாங்க, வெள்ளையும் கறுப்புமா பட்டை அடிச்சு நடுவுல நம்பர் எழுதியிருக்கும், நீங்களும் பஸ்ல போகும்போது பாத்திருப்பீங்க. நம்ம மரத்துக்கு நம்பர் 117. நெஞ்சு உயரத்துல கயிறு சுத்தி அளந்து பாத்தேன், சுத்தளவு 17 அடி வந்துச்சு. வயசு எவ்ளோன்னு யாருக்கும் தெரியாது, எங்க ஆயா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்பவே இதே பருமன்தான் இருந்துச்சாம். எதிர்ப்பக்கம் இதே மாதிரி ஒரு வரிசையே இருந்துச்சு, ரோட்ட அகலப்படுத்தினப்ப போயிருச்சு, இந்தப் பக்க வரிசை மட்டும் நிக்குது. அதுலயும் கரண்ட் கம்பிக்கு இடைஞ்சல்னு ஒரு பெரிய வாது, அதாவது கிளைய, அறுத்துட்டாங்க, அந்த வெட்டுவாய் இன்னும் மூடல, பெரிய தாம்பாளம் மாதிரி திறந்து கெடக்கு.

இந்த மரத்த நான் ஏற்கனவே மூணு தடவை கேன்வாஸ்ல அக்ரிலிக்ல போட்டிருக்கேன். மூணும் காலண்டர் படம் மாதிரி வந்துச்சு. மரம் இருக்கு, இலை இருக்கு, பின்னாடி சாயங்கால வானம் கூட இருக்கு, ஆனா அந்த மரத்தடியில போய் நின்னா நமக்குள்ள ஒண்ணு அடங்குமே, அது இல்ல. சின்ன வயசுல ஸ்கூல்ல மரம்னா தண்டு பிரவுன், மேல பச்சைன்னு சொல்லிக் கொடுத்தாங்க, கை அந்தப் பழக்கத்துலயே போயிட்டு இருந்துச்சுன்னு நினைக்கிறேன். ஒரு வாரம் காலையில, மத்தியானம், மழைக்கு அப்புறம்னு போய் வெறுமனே உக்காந்து பாத்தேன். புளியமரத் தண்டுல பிரவுன் எங்கயும் இல்லங்க. காஞ்சு கெடந்தா சாம்பல், வெடிப்புக்குள்ள ஊதா கலந்த கறுப்பு, வடக்குப் பக்கம் பாசி, நடுநடுவுல சுண்ணாம்ப தொட்டு வச்ச மாதிரி வட்டவட்டமா வெள்ளப் படை, மழை பேஞ்சு ஓஞ்ச உடனே பாத்தா மொத்த மரமும் யானை குளிச்சுட்டு ஏறி வந்த மாதிரி கறுத்துப் போய் நிக்குது. பட்டை சின்னச் சின்ன ஓடு ஓடா வெடிச்சு, ஏரி வத்துனப்ப தரை வெடிக்குமே அப்டி.

அப்போ ஒண்ணு முடிவு பண்ணேன், முழு மரத்த வரையப் போறதில்லன்னு. யோசிச்சுப் பாருங்க, சின்னப் புள்ளையா இருந்தப்ப அந்த மரத்த முழுசா எப்பயாவது பாத்தோமா? கிட்ட நின்னு கை வச்சோம், சாஞ்சோம், கண்ண மூடிட்டு ஒண்ணு ரெண்டு மூணு எண்ணினோம், உச்சி எங்க இருக்குன்னே தெரியாது. முழு மரமும் தெரியணும்னா நூறடி தள்ளிப் போகணும், தள்ளிப் போனா அது வேற மரம். அதனால தரையில வேர் முண்டு முண்டா எழும்புற இடத்துல இருந்து முதல் கவை பிரியுற வரைக்கும் மட்டும், பலகை ஓரம் வரைக்கும் தண்டுதான், வானம் இல்ல, இலை இல்ல, பின்னாடி வயக்காடு இல்ல.

மோந்திரியான்னு ஒரு டச்சு ஓவியர், கட்டம் கட்டமா சிவப்பு நீலம் மஞ்சள் போட்டவர்னு எல்லாருக்கும் தெரியும், அவர் அதுக்கு முன்னாடி மரமாவே வரைஞ்சிட்டு இருந்தாரு. 1908ல ஆரம்பிச்ச ஒரு சிவப்பு மரம், 1911ல ஒரு சாம்பல் மரம், 1912ல பூத்த ஆப்பிள் மரம், இத வரிசையா வச்சுப் பாத்தா மரம் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு வெறும் கோடாகுறது தெரியும். சாம்பல் மரம் எனக்கு உசிரு, அதுல கிளைக்கு நடுவுல இருக்கிற வெத்திடமும் கிளை அளவுக்கே அழுத்தமா இருக்கும். ஆனா எனக்கு வேண்டியது எதிர்த் திசை. கோட்டுல ஆரம்பிச்சு, கையில தொட்டா சொரசொரன்னு உரசுற மரம் வரைக்கும் போகணும். பெயிண்ட் மட்டும் வச்சு அது ஆகாதுன்னு மூணு கேன்வாஸ் எனக்கு சொல்லிருச்சு.

சரி, மரத்துகிட்டயே கேப்போம்னு ஒரு கட்டு பட்டர் பேப்பர் எடுத்துட்டுப் போனேன். சின்ன வயசுல எல்லாரும் செஞ்சதுதான், காசு மேல பேப்பர வச்சு பென்சிலால தேச்சா காசு அப்டியே வரும்ல, அதே வேலை. பட்டை மேல பேப்பர பிடிச்சு கரியால தேச்சா ஒவ்வொரு வெடிப்பும், ஒவ்வொரு ஓடும், எறும்பு போற தடம் கூட வருது. மாக்ஸ் எர்ன்ஸ்ட்னு ஜெர்மன்காரர் ஒருத்தர் 1925ல ஒரு ஹோட்டல் ரூம்ல தேஞ்சு போன மரத்தரை மேல பேப்பர் போட்டு தேச்சு, அதுல வந்த ரேகையில காடும் பறவையுமா பாத்து, அதையே ஒரு பெரிய ஓவிய முறையா ஆக்கினாரு, ஃப்ரொட்டாஜ்னு பேரு. ரெண்டு நாள்ல முப்பது நாப்பது பேப்பர் தேச்சேன். பாத்தீங்கன்னா ஒரே மரத்துல தரைக்குப் பக்கத்துல ஒரு மாதிரி, இடுப்பு உயரத்துல வேற மாதிரி, வெட்டுவாய் ஓரத்துல உதடு தடிச்ச மாதிரி உருண்டு உருண்டு வேற மாதிரி.

அந்த தேய்க்கிற கரியும் கடையில வாங்கினது இல்ல. இத சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவையே எழுத உக்காந்தேன்னு கூட சொல்லலாம். நம்ம பக்கத்துல ஆந்திராவுல காளஹஸ்தியில கலம்காரி, அதாவது துணியில பேனாவால வரையுற படம், போடுறவங்க இருக்காங்கல்ல, அவங்க துணி மேல முதல் கோடு இழுக்கிறது புளியங்குச்சி கரியிலதான். புளிய வெறகு கரி நல்ல கரின்னு பேரு, ஒரு காலத்துல வெடிமருந்துக்குக் கூட இந்தக் கரிய எடுத்திருக்காங்க. அறுத்துப் போட்ட அந்த வாதோட சின்னச் சின்ன குச்சிங்க மரத்தடியிலயே கெடந்துச்சு, பென்சில் பருமன்ல பொறுக்கி பட்டைய சீவிட்டு வெயில்ல காயவச்சேன். ஒரு பழைய பால் பவுடர் டின்ல குச்சிய நெருக்கமா அடுக்கி, நடுவுல ஆத்து மணல் போட்டு நிரப்பி, மூடியில ஆணியால ஒரே ஒரு ஓட்டை போட்டு வெறகடுப்புல வச்சோம். ஓட்டை வழியா முதல்ல வெள்ளைப் புகை, அப்புறம் அந்தப் புகையே பத்திகிட்டு எரியும், அப்புறம் நின்னுடும். நின்ன உடனே எறக்கி வச்சிரணும், ஆனா தொறக்கக் கூடாது, சூட்டோட தொறந்தா காத்து பட்டு கரி தானா கனிஞ்சு சாம்பலாயிடும். முதல் டின் அப்டித்தான் போச்சு, எனக்குப் பொறுமை இல்ல. ரெண்டாவது டின்ன ராத்திரி பூரா விட்டுட்டு காலையில தொறந்தா, தட்டுனா கண்ணாடி வளையல் மாதிரி கிணுகிணுன்னு சத்தம் கேக்குது, அவ்ளோ சுத்தமான கரி. அந்த மரத்தோட வாது, அந்த மரத்தோட பட்டை மேலயே தேய்க்குது. பேப்பர்ல கறுப்பு எறங்க எறங்க எனக்கு உண்மையிலேயே தொண்ட அடைச்சுக்கிச்சு.

அங்க பிடிச்சதுதான், முடிஞ்ச வரைக்கும் இந்த மரத்த இந்த மரத்தாலயே செய்யணும்னு. மிக்ஸட் மீடியான்னா கையில கெடச்சதெல்லாம் ஒட்டுறதுன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, பட்டன், சணல், கோலிக்குண்டு, பழைய கடிகார முள்ளு, பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்தப் பொருளுக்கும் அந்தப் படத்துக்கும் ஒரு சொந்தம் இருக்கணும், இல்லாட்டி அது வெறும் அலங்காரம். இது என்னோட பிடிவாதம்.

பலகைக்கு அடித்தளம் நம்ம தஞ்சாவூர் படம் போடுறவங்க முறையிலயே, பலகை மேல துணி ஒட்டி, துணி மேல சாக் பவுடர் பசை கலந்து பூசுறது. அப்பாவோட பழைய வேட்டி ஒண்ணு எடுத்தேன். பசை புளியங்கொட்டை பசை. ஒடிசாவுல துணி மேல பட்டச்சித்திரம்னு படம் போடுறவங்க இன்னிக்கும் துணியோட துணிய சேத்து ஒட்டுறது இந்தப் பசையாலதான். கொட்டைய வறுத்து, செவப்புத் தோல் தனியா கழண்டு வர்ற மாதிரி இடிச்சு, பருப்ப ஒரு நாள் பூரா ஊறவச்சு, ஆட்டி, தண்ணி விட்டு கிண்டிகிட்டே காய்ச்சணும், கஞ்சி பதத்துல இருந்து பாகு மாதிரி இழுபடுற பதம் வரும். எங்க ஆயாதான் பதம் சொன்னாங்க, கண்ணு சரியா தெரியாது, ஆனா கரண்டியில இருந்து ரெண்டு விரலால தொட்டு இழுத்துப் பாத்துட்டு "இன்னும் ரெண்டு கொதி வரட்டும்"னாங்க. செவப்புத் தோல மட்டும் கொட்டிடாம தனியா எடுத்து வச்சேன், அது பின்னாடி உதவுச்சு.

இந்தப் பசை மூணாம் நாள் பூத்துப் போகும். எனக்குப் பூத்துச்சு, துணியில பாதி இடத்துல பச்சையா பூசணம், எல்லாத்தையும் உரிச்சுப் போட்டு திரும்ப. அதுக்கப்புறம் பழைய பைண்டிங் கடைக்காரங்க செய்ற மாதிரி துளியூண்டு மயில்துத்தம் சேத்தேன், அது விஷம், குழந்தைங்க இருக்கிற வீடுன்னா பத்திரம். இன்னொரு தப்பு, பலகையோட பின்பக்கம் எதுவும் பூசாம விட்டுட்டேன், முன்பக்கம் மட்டும் ஈரம் குடிச்சதுல பலகை கேடயம் மாதிரி வளைஞ்சு போச்சு, பின்னாடியும் ரெண்டு கை பசை பூசி மேல அம்மிக்கல்ல வச்சு நேராக்க ஒரு வாரம் ஆச்சு.

பட்டைக்கு மேடு பள்ளம் வேணும்ல, கடையில டெக்ஸ்சர் பேஸ்ட் டப்பா டப்பாவா விக்குது, இந்த அளவு பலகைக்கு வாங்குனா என் சம்பளம் தாங்காது. அதுக்கும் ஆயாதான் வழி. முறத்துக்கு ஓட்டை அடைக்க காகிதத்த ஊறவச்சு வெந்தயத்தோட சேத்து அரைச்சு பூசுவாங்கல்ல, காஞ்சா கல்லு மாதிரி இறுகும், அதே கூழு. நியூஸ்பேப்பர் ரெண்டு நாள் ஊறல், வெந்தயம் ஒரு கைப்பிடி, கொஞ்சம் கொட்டைப்பசை, கிரைண்டர்ல ஓட்டினா வாசனையே தனி. ஒரே தடவையில தடியா அப்பக் கூடாது, மேல் தோல் முதல்ல காஞ்சு உள்ள ஈரமா இருந்தா தாறுமாறா வெடிக்கும். வேற படம்னா அது தப்பு. இங்க எனக்கு வெடிப்புதானே வேணும், அதனால நடுத்தண்டுல வேணும்னே தடியா அப்பி மத்தியான வெயில்ல தூக்கி வச்சேன், வெடிக்க விட்டு, எந்த வெடிப்பு பிடிச்சிருக்கோ அத வச்சுகிட்டு மத்தத அடைச்சேன். அது மேல தேய்ச்செடுத்த பேப்பர கிழிச்சு கிழிச்சு, எந்த உயரத்துல தேச்சேனோ அதே உயரத்துல ஒட்டினேன். புளியம்பழ ஓடு ரெண்டு படி, பாதிய கையால நொறுக்கி, பாதி முழுசா, வேர் முண்டு வர்ற இடத்துல. கனமான ஓட்டுக்கு மட்டும் ஃபெவிகால், அங்க கொட்டைப்பசை தாங்கல. பழத்த உரிச்சா உள்ள மூணு நாலு நரம்பா ஒரு நார் வருமே, அது காஞ்சா கிளையும் உபகிளையுமா தானே ஒரு குட்டி மரம் மாதிரி இருக்கும், அத வெட்டுவாய் ஓரத்துல வரிவரியா பதிச்சேன். புளியையும் விட்டு வைப்பானேன்னு கொஞ்சம் கரைச்சு வழியுற மாதிரி ஊத்திப் பாத்தேன், ராத்திரியோட ராத்திரியா திண்ணையில இருக்கிற எறும்பு மொத்தமும் பலகை மேல, புளி பிசுபிசுப்பு காயவும் இல்ல, ஈரத்துணியால தொடச்சு எடுத்துட்டேன்.

இப்போ ஆணிக்கு வர்றேன்.

ரோட்டோர மரத்துக்கு ஆணிதான் சாபம். டியூஷன், மூலம் பௌத்திரம், வீட்டுமனை, கல்யாண ப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி, எல்லாத்துக்கும் இந்த மரம்தான் சுவரு. போர்டு காத்துல போயிடும், ஆணி நின்னுடும். மரம் உயரமாகும்போது ஆணியும் மேல போகும்னு நான் சின்னதுல நெனச்சிட்டு இருந்தேன், அப்டி இல்ல, மரம் நுனியிலதான் வளருது, தண்டு பருக்க மட்டும் செய்யும். நான் அஞ்சாவது படிக்கும்போது அடிச்ச ஒரு டியூஷன் போர்டு ஆணி அதே உயரத்துலதான் இருக்கு, அப்ப எனக்குத் தலைக்கு மேல, இப்ப தோளுக்கு நேரா. ஆனா தலை வெளிய தெரியல, பட்டை சுத்தி வளந்து கிட்டத்தட்ட முழுங்கிருச்சு, ஒரு தொப்புள் மாதிரி குழி மட்டும் தெரியுது. குறடு எடுத்துட்டுப் போய் புடுங்க முடிஞ்சத புடுங்குனேன், 23 ஆணி வந்துச்சு, மத்தத மரம் விட மாட்டேங்குது.

புடுங்கும்போதுதான் கவனிச்சேன். ஒவ்வொரு ஆணிக்குக் கீழயும் ஒரு கறுப்பு ஒழுக்கு, கண்மை கரைஞ்சு கன்னத்துல எறங்கின மாதிரி, சிலது ஒரு சாண் நீளம். துருன்னா செங்கல் நிறமாத்தானே இருக்கணும், இது ஏன் இவ்ளோ கறுப்பு? அப்புறம் பொறி தட்டுச்சு, இது கலம்காரி கறுப்புங்க! அவங்க இரும்புத் துண்டையும் வெல்லத்தையும் தண்ணியில போட்டு வாரக்கணக்கா புளிக்க வச்சு ஒரு தண்ணி எடுப்பாங்க, அது பாக்க ஒண்ணும் இருக்காது, ஆனா கடுக்காய்ல ஊறின துணி மேல பேனாவால தொட்டா அந்த நிமிஷமே கறுக்கும். இரும்பும் துவர்ப்பும் சேந்தா கறுப்பு, அவ்ளோதான் விஷயம். ஐரோப்பாவுல நூத்துக்கணக்கான வருஷமா எழுதின மையும் இதே கூட்டுதான், அவங்க கடுக்காய்க்கு பதிலா ஓக் மரத்துல பூச்சி முட்டை வச்சு வீங்குற காய எடுத்தாங்க. புளியமரப் பட்டையில துவர்ப்பு இருக்கு, ஆணியில இரும்பு இருக்கு, மழைத்தண்ணி ரெண்டையும் சேத்து வச்சிருச்சு. நாம குத்தின இடத்துல மரம் தன் கையாலயே மை காய்ச்சி எழுதிட்டு இருந்திருக்கு, நான் இத்தன வருஷம் அது பக்கத்துலயே பஸ்சுக்கு நின்னுட்டு பாக்கல.

அந்த 23 ஆணியையும் ஒரு ப்ளாஸ்டிக் டப்பாவுல வெல்லமும் தண்ணியும் போட்டு மூணு வாரம் ஊற வச்சேன், நாத்தம் தாங்காம அம்மா டப்பாவ கோழிக்கூடு பக்கம் தள்ளி வச்சுட்டாங்க. எடுத்து வச்சிருந்த கொட்டைத் தோல காய்ச்சி வடிகட்டுனா செவசெவன்னு டிகாஷன் மாதிரி ஒரு தண்ணி, தோல்ல அவ்ளோ துவர்ப்பு. முதல்ல அத மொத்த பலகைக்கும் ரெண்டு மூணு தடவை ஓட்டினேன், பலகை முழுக்க ஒரு மங்கின செம்மண் நிறம். காஞ்ச பிறகு ஆணித்தண்ணிய தூரிகையில தொட்டு வெடிப்புக்குள்ள விட்டேன். கண்ணு முன்னாடியே கறுக்குது! கூழு தடியா இருந்த இடத்துல ஊதாக் கறுப்பு, பேப்பர் மேல சுத்தக் கறுப்பு, சாக் பவுடர் வெளிய தெரிஞ்ச இடத்துல தவிட்டு நிறம், நான் ஒரு கலரும் கலக்கல, ஒரு வாரம் உக்காந்து பாத்த அந்த நிறமெல்லாம் தானா வந்து உக்காருது. கடைசியில மேட்டுல மட்டும் காஞ்ச ப்ரஷ்ல வெள்ளையும் சாம்பலும் தொட்டும் தொடாமலும் இழுத்தேன், அது அக்ரிலிக்தான், பாசிக்கும் அக்ரிலிக்தான், எல்லாத்தையும் மரத்துலயே எடுக்கணும்னு அடம் பிடிச்சா படம் முடியாது. வெள்ளை கறுப்பு பட்டைக்கு நிஜ எனாமல் பெயிண்ட், ரோட்டுல அடிக்கிறதே அதுதானே, அதோட நடுவுல 117. கரி உதிராம இருக்க பால்ல தண்ணி கலந்து மேல தெளிச்சேன், வான்கோ கூட தன் கோட்டோவியம் சிலதுக்கு பாலத்தான் பயன்படுத்தியிருக்காரு.

ஊறி முடிச்ச ஆணிய கழுவிக் காயவச்சு, படத்துல வலது பக்கம் பூரா அடிச்சேன், வளைஞ்சது வளைஞ்ச மாதிரியே. வெட்டுவாய மட்டும் எதுவும் பூசாம விட்டேன், கூழு இல்ல, துணி இல்ல, வேட்டிய கத்தியால வட்டமா அறுத்து எடுத்துட்டு வெறும் ப்ளைவுட்டு தெரியுற மாதிரி. ப்ளைவுட்டும் ஒரு மரத்த அறுத்ததுதான், அந்த இடத்துல நான் நடிக்க வேண்டியதில்லன்னு தோணுச்சு.

முடிஞ்சதும் ஆயாவ கூட்டிட்டு வந்து திண்ணையில உக்கார வச்சேன். நாப்பது வருஷத்துக்கு மேல புளி தட்டின கை அவங்களுது, விரல் நுனியெல்லாம் வழவழன்னு தேஞ்சு போயிருக்கும். "தொட்டுப் பாரு ஆயா, என்னன்னு சொல்லு"ன்னேன். கீழ இருந்து ஆரம்பிச்சாங்க, வேர் முண்ட தடவி ஓடு கையில பட்டதும் சிரிச்சாங்க, "நம்ம புளியந்தோடுதானே இது." அப்புறம் மெதுவா மேல போனாங்க, நார பதிச்ச இடத்துல கொஞ்ச நேரம் நின்னாங்க, வெட்டுவாய்ல உள்ளங்கைய வச்சு "அடப்பாவிங்களா"ன்னாங்க, அது என்னைய சொல்லல, அறுத்தவங்கள. நடுத்தண்டுல இடது பக்கமா ஒரு எடம் வழவழன்னு இருக்கும், அத ரெண்டு மூணு தடவை தடவிட்டு, "இது வயக்காட்டுப் பக்கம். ரோட்டுப் பக்கம் இல்ல. ஏறுற தடம் இதுல இருக்கு"ன்னாங்க.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ரோட்டுல வண்டி தூசி தாங்காம நான் உக்காந்து பாத்து வரைஞ்சது வயக்காட்டுப் பக்கம் இருந்துதான். வருஷா வருஷம் பழம் உலுக்க ஏறுறவங்க கால் வச்சு கால் வச்சு பட்டை தேஞ்சு ஒரு தடமே இருக்கும், தேய்ச்செடுத்த பேப்பர்ல அது வந்திருக்கு, நான் அது என்னன்னு தெரியாமலே ஒட்டியிருக்கேன்.

கை அப்டியே வலது பக்கம் போச்சு. ஆணி தட்டுப்பட்டுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. முகம் மாறிடுச்சு.

"ஏம்மா, இங்க ஏது ஆணி?"

"மரத்துல அடிச்சிருக்காங்கல்ல ஆயா, அதத்தான்..."

"அது ரோட்டுப் பக்கம். ஏறுற பக்கம் எவனாச்சும் ஆணி அடிப்பானா? அடிக்க விடுவாங்களா? உங்க தாத்தா ஒருத்தன தொரட்டியோட தொரத்துனாரு. கால் கிழிஞ்சிடும்மா, மேல இருந்து வழுக்கி வரும்போது வயிறு கிழிஞ்சிடும்."

நான் ஒண்ணும் பேசல. ரெண்டு பக்கத்தையும் ஒரே பக்கமா ஆக்கி வச்சிருந்தேன், ஆணியும் நம்பரும் இருந்தாத்தான் அந்த மரத்தோட கஷ்டம் தெரியும்னு எனக்கு ஒரு அவசரம், அந்தப் பக்கமா ஏறி எறங்கின மனுஷங்களோட காலப் பத்தி நான் நெனைக்கவே இல்ல. ஆயா அதுக்கு மேல எதுவும் சொல்லாம ஒவ்வொரு ஆணியா எண்ணிட்டே போனாங்க, எண்ணி முடிச்சுட்டு "இருபத்தி மூணு"ன்னு சொல்லிட்டு முந்தானையில கைய தொடச்சுகிட்டாங்க.

மறுநாள் குறடு எடுத்து மறுபடியும் அந்த 23 ஆணியையும் புடுங்கினேன், மரத்துல புடுங்கினத விட இது கஷ்டமா இருந்துச்சு, கூழு பேந்துட்டு வந்த இடத்தையெல்லாம் வெந்தயம் அரைச்சு திரும்ப அடைச்சேன். 117ஐ உப்புத்தாள் போட்டு தேச்சு எடுத்துட்டேன், வெள்ளை கறுப்பு பட்டை மட்டும் இருக்கட்டும், அது மரத்த சுத்தி முழுசா ஓடுறதுதான். வலது பக்கம் இப்ப வெறும் பட்டைதான், ஆயா வந்து தடவிப் பாத்துட்டு "ம்"ன்னாங்க.

ஆணியெல்லாம் கோழிக்கூடு பக்கம் அதே டப்பாவுல வெல்லத்தண்ணியில திரும்ப ஊறுது. ரோட்டுப் பக்கத்துக்கு இன்னொரு பலகை வாங்கணும், இந்தத் தடவை பின்பக்கம் முதல்லயே பூசிடுவேன்.